வரி மெட்டு

வீட்டு வரி கட்டாதவர்களை வெட்கப்பட வைத்து வசூல் செய்வது என்று மாநகராட்சி முடிவெடுத்தபோது, அதை நியாயமாகச் செய்ய வேண்டும் என்றும் கூடவே முடிவெடுத்தது. முதல் முடிவுக்கு இருபது நிமிஷம் ஆனது. இரண்டாவது முடிவுக்குத் தனியாக ஒரு பிரிவு, பன்னிரண்டு மேசை, எட்டு அலமாரி, ஓர் அதிகாரி எல்லாம் தேவைப்பட்டன. பிரிவுக்கு ‘நியாய வசூல் பிரிவு’ என்று பெயர் வைத்தார்கள். மற்ற வசூல் பிரிவுகளில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை.

இதில் ஒரு சம்பந்தமும் இல்லாமல் வந்து மாட்டிக்கொண்டவர் பேண்டு மாஸ்டர். கிளாரினெட் வாசிப்பவர். அவரையும் சேர்த்து ஆறு பேர் கொண்ட குழு. பெரிய டிரம்மை அடிப்பது அவர் மனைவியின் தம்பி. கடைத் திறப்பு, பள்ளி விளையாட்டு விழா, ஓய்வு பெறுகிறவரை வீடுவரை கொண்டுபோய் விடுவது என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. சொந்த வீடு, சின்னது. வாசல்படியில் கால் வைத்தால் அடுத்த கால் தெருவில் இருக்கும். அந்த வீட்டுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரு தவணையும் தவறாமல் வரி கட்டியவர். ரசீதுகளை மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, பூச்சி அரிக்காமல் இருக்க வருஷத்துக்கு ஒரு முறை வெயிலில் பரப்பி வைப்பாள்.

நியாய வசூல் அதிகாரி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மாஸ்டர் பயந்துகொண்டே போனார். அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்ததும் பயம் இரண்டு மடங்கானது.

“முதல்ல கடுதாசி அனுப்பினோம் மாஸ்டர்” என்றார் அதிகாரி. “படிக்கத் தெரிஞ்சவங்க மட்டும்தான் வெட்கப்பட்டாங்க. அது பாரபட்சம். அப்புறம் தெருமுனையில போர்டு வச்சோம். அந்தப் பக்கம் நடந்து போறவங்களுக்குத்தான் தெரிஞ்சுது. அதுவும் பாரபட்சம். யோசிச்சுப் பார்த்தேன். ஏழைக்கும் காது ரெண்டு, பணக்காரனுக்கும் காது ரெண்டு. அதனால வாத்தியம்.”

பாக்கி வைத்திருப்பவரின் வீட்டு வாசலில் பேண்டு வாசிக்க வேண்டும். வீட்டில் வெட்கப்படுகிற ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று கூலி. வீட்டுக்கு ஐந்து பேர், நாளைக்கு நாலு வீடு என்று மாஸ்டர் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். வாயெல்லாம் பல்லாகிவிட்டது. ஒப்பந்தத்தின் அடுத்த பக்கத்தை அந்த மகிழ்ச்சியிலேயே படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அடுத்த பக்கத்தில்தான் சிவப்புக் கோட்டு இருந்தது. ஒருவரை வெட்கப்பட வைக்கப் போகிறவர்கள் கண்ணியமான உடையில் இருக்க வேண்டும், கோட்டில் பன்னிரண்டு பித்தளைப் பொத்தான்கள் இருக்க வேண்டும், செலவு குழுவினுடையது. வேறு வழியில்லாமல் அந்த அரை வருஷத்து வீட்டு வரிக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் ஆறு கோட்டுகள் தைத்தார்கள். பிஸ்கட் டப்பாவில் முதல் முறையாக ஒரு ரசீது குறைந்தது.

அடுத்து, எந்தப் பாட்டை வாசிப்பது என்று ஒரு குழு உட்கார்ந்தது. சந்தோஷமான மெட்டு கூடாது, வரி கட்டாததற்குப் பரிசு மாதிரி ஆகிவிடும். சோகமான மெட்டு கூடாது, வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள். கம்பீரமான மெட்டும் கூடாது, பாக்கிக்காரர் எதிர்த்து நிற்பார். ஐந்து மாதம் கழித்து, பதினோரு ஸ்வரத்தில், யாருக்கும் பிடிக்கவும் முடியாத, பிடிக்காமல் போகவும் முடியாத ஒரு மெட்டு ஏழு கையெழுத்துகளோடு வந்தது. அதற்கு ‘வரி மெட்டு’ என்று பெயர். மாஸ்டர் முப்பது வருஷ அனுபவத்தில் அப்படி ஒன்றை வாசித்ததில்லை. எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தது. ஏன் முடிகிறது என்று தெரியவில்லை.

முதல் வீடு கடிகாரம் பழுது பார்ப்பவருடையது. சிவப்புக் கோட்டுகள் வரிசையாக நின்றன. மைத்துனன் டிரம்மில் ஒரு போடு போட்டான். அதிகாரி படிவத்தோடு வாசலை உற்றுப் பார்த்தார். படிவத்தில் வெட்கத்துக்கு ஐந்து அறிகுறிகள் அச்சாகியிருந்தன. தலைகுனிதல், சன்னல் சாத்துதல், போனில் பேசுவதுபோல் நடித்தல், இது என் வீடு இல்லை எனல், காது சிவத்தல். இவற்றில் ஒன்றாவது தெரிய வேண்டும்.

கடிகாரக்காரர் குடும்பத்தோடு வெளியே வந்தார். நாற்காலி போட்டுக்கொண்டார். பிள்ளைகள் ஆடினார்கள். மெட்டு முடிந்ததும், “இன்னொரு தடவை வாசிங்களேன், என் மச்சினி இப்பதான் வந்தா” என்றார். அதிகாரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஐந்து கட்டத்திலும் இல்லை என்று கோடு போட்டார்.

விஷயம் ஊரெல்லாம் பரவியது. விதிப்படி மூன்று முறை வாசிப்பார்கள். மூன்றாவதற்குப் பிறகும் பாக்கி இருந்தால் வீட்டைப் பூட்டி முத்திரை வைப்பார்கள். ஆகவே ஜனங்கள் இரண்டு கச்சேரியை ஓசியில் கேட்டுவிட்டு, மூன்றாவதற்கு முந்தின நாள் போய் வரியைக் கட்டினார்கள். பிறந்த நாள், கல்யாண நாள் பார்த்துப் பாக்கி வைக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். ஒரு தபால்காரர் தான் ஓய்வு பெறும் நாளைக் குறிப்பிட்டு, அன்று மாலை ஐந்து மணிக்கு வந்து தன்னை வெட்கப்படுத்தும்படி எழுத்தில் கேட்டுக்கொண்டார்.

மாஸ்டரின் எதிர் வீட்டில் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் இருந்தார். அவர் மட்டும் கோபத்தில் இருந்தார். ஒருநாள் வாசலிலேயே மாஸ்டரை மடக்கினார். “பதினாறு வருஷமா தவணை தவறாம கட்டறேன். என் வாசல்ல ஒருத்தன் ஒரு பீப்பி ஊதினது உண்டா? கட்டாதவனுக்கு பேண்டு. கட்டினவனுக்கு என்ன?” மாஸ்டர் அதை அப்படியே அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அதிகாரி அதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டார். அதாவது எட்டு அலமாரியில் ஒன்றில் வைத்தார்.

மர வியாபாரி வீட்டுக்கும் போனார்கள். பாக்கிப் பட்டியலிலேயே பெரிய தனியார் பாக்கி அவருடையது. கேட்டிலிருந்து வீட்டுக்கு நடுவில் புல்வெளி, நீரூற்று, இரண்டு கார் கொட்டகை, பிறகு ஒரு தோப்பு. கன்னம் வலிக்க ஊதியும் வீட்டிலிருந்து ஒரு தலைகூட எட்டிப் பார்க்கவில்லை. அதிகாரி சங்கிலி பிடித்துத் தூரத்தை அளந்தார். பிறகு அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்.

“அவருக்கு நம்ம சத்தம் கேக்கலை மாஸ்டர்” என்று விளக்கினார். “கேக்காத சத்தத்துக்கு ஒருத்தர் வெட்கப்படணும்னு எதிர்பார்க்கறது எந்த ஊர் நியாயம்? தெருவுக்கு இருபது அடிக்குள்ள இருக்கறவங்களைத்தான் நாம கேக்க முடியும்.”

மாஸ்டருக்கு அது சரியென்றும் பட்டது, எங்கேயோ இடிக்கவும் செய்தது. எங்கே என்று யோசிக்க நேரமில்லை, ஏனென்றால் அவருக்குக் கூலியே வரவில்லை. ஒரு வருஷத்தில் இருநூற்றுப் பத்து வீடுகளில் வாசித்திருந்தார். ஒரு தலைகூடக் குனியவில்லை, ஒரு காதுகூடச் சிவக்கவில்லை. ஆகவே கூலி பூஜ்யம். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, திட்டம் தொடங்கின பிறகு வசூல் கூடியிருக்கிறதே என்று கேட்டுப் பார்த்தார்.

“கூடியிருக்கு. நான் இல்லைன்னு சொல்லலையே” என்றார் அதிகாரி. “ஆனா வெட்கத்தால கூடலை. சந்தோஷத்தால கூடியிருக்கு. சந்தோஷத்துக்கு எங்க பிரிவுல கூலி கிடையாது. அதுக்கு வேற பிரிவு. அந்தப் பிரிவை இன்னும் ஆரம்பிக்கலை.”

ஒன்றரை வருஷம் ஆயிற்று. பிஸ்கட் டப்பாவில் மூன்று ரசீதுகள் குறைந்தன. பாரபட்சம் வரக்கூடாது என்று குலுக்கல் முறையில் அந்த மாதப் பாக்கிப் பட்டியல் தயாரானபோது, நாற்பதாவது பக்கத்தில் மாஸ்டரின் வீடு இருந்தது.

அதிகாரி உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் ஆள் பார்த்து விட்டுக்கொடுத்தால் அது நியாயமாகாது என்றார். குறித்த நாளில் மாஸ்டர் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தன் வீட்டை விட்டு வெளியே வந்து, திரும்பி நின்று, தன் வீட்டைப் பார்த்து வாசித்தார். மனைவி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. மைத்துனன் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் டிரம்மைப் பார்த்தே அடித்தான். மாஸ்டருக்குக் காது சுட்டது. உடம்பெல்லாம் கூசியது. ஊரையெல்லாம் வெட்கப்பட வைக்கக் கிளம்பி, வெட்கப்பட்ட ஒரே ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது அவருக்கு அழுகைகூட வந்தது.

“ஓனர் வீட்டுல இல்லை” என்று அதிகாரி படிவத்தில் எழுதினார்.

“இங்கதானே சார் இருக்கேன். காதைப் பாருங்க.”

“பார்த்தேன். அது வாத்தியக்காரரோட காது. நான் ஓனர் காதைத்தான் எழுத முடியும்.”

இரண்டாவது முறை மாஸ்டர் கிளாரினெட்டை வைத்துவிட்டு உள்ளே போய் நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்தார். வெளியே ஐந்து பேர் வாசித்தார்கள். அதிகாரி எண்ணிப் பார்த்துவிட்டு, குழு முழுமையாக இல்லாததால் இந்த வெட்கம் செல்லாது என்றார். வெட்கம் செல்லாது, ஆனால் முறை இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது முறை இருபது நாள் கழித்து. அன்றைக்குள் பணம் கட்டாவிட்டால் வாசலில் மெழுகும் முத்திரையும்தான்.

மாஸ்டர் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் கையை விரித்தார்கள். கிளாரினெட்டை விற்கலாமா என்று மெதுவாகப் பேச்செடுத்தபோது மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மைத்துனன் மட்டும், “மாமா, கோட்டை வித்துடலாம், பித்தளைப் பொத்தானுக்காவது எவனாவது வாங்குவான்” என்றான். விசாரித்துப் பார்த்தார்கள். பித்தளை நிறம் மட்டும்தான் இருந்தது.

அந்த வாரம் முழுக்க மனைவி, குழுவுக்குக் கொடுத்திருந்த தொண்ணூறு பக்கப் பாக்கிப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். யார் யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் ஓர் ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது. அறுபத்தொன்றாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, எழுந்து போய், தங்களுக்கு வந்த நோட்டீசை எடுத்து வந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று தடவை பார்த்தாள்.

“என்னங்க, இங்க வாங்க. நமக்கு நோட்டீஸ் அனுப்பினாங்களே, அவங்க ஆபீஸ் அட்ரஸைப் படிங்க.”

மாஸ்டர் படித்தார்.

“இப்ப லிஸ்ட்ல இதைப் படிங்க.”

அதே தெரு. அதே கதவு எண். உரிமையாளர் மாநகராட்சி. பாக்கி பதினோரு வருஷம். தன் கட்டடத்துக்குத் தானே வரி போட்டுக்கொண்டு, தானே கட்டாமல், தன் பெயரைத் தானே பட்டியலில் அச்சடித்திருந்தது மாநகராட்சி. கொடுக்க வேண்டியவர்கள் இரண்டாவது மாடியிலும் வாங்க வேண்டியவர்கள் முதல் மாடியிலும் இருந்தார்கள். படி இறங்க யாருக்கும் மனசு வரவில்லை.

“நமக்கென்ன வந்தது” என்றார் மாஸ்டர்.

“அங்க எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?”

“முந்நூறு பேர் இருப்பாங்க.”

“தலைக்குத்தானே கூலி?”

மாஸ்டர் எழுந்து போய்த் தெருக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, நம்மை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்றார். அவங்க போட்ட லிஸ்ட், அவங்க போட்ட மெட்டு, அவங்க கேட்ட கோட்டு, ஊதறது மட்டும்தான் நீங்க, என்று மனைவி சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் மாஸ்டர் அறுபத்தொன்றாம் பக்கத்தை அதிகாரியின் மேசைமேல் வைத்துவிட்டு, உதை விழுந்தால் ஓடுவதற்கு வசதியாகக் கதவருகே நின்றார். அதிகாரி படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். எழுந்து, சங்கிலியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சாலையை அகலப்படுத்தும்போது மாநகராட்சி தன் தோட்டத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்ததால், கட்டடத்தின் படிகள் தெருவிலேயே வந்து இறங்கின. நாலு அடி இருந்தது.

திரும்பி வந்தபோது அதிகாரியின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. “இருபத்தேழு வருஷ சர்வீஸ் மாஸ்டர்” என்றார். “இவ்வளவு கிட்டத்துல இருக்கற பாக்கிக்காரரை நான் பார்த்ததே இல்லை. நியாயம்னு வந்துட்டா நாமளும் ஒரு வீட்டுக்காரர்தான்.”

இந்த மனிதரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. விதிப்படி ஏழு நாள் முன்னதாக உரிமையாளருக்கு நோட்டீஸ் போக வேண்டும். அதிகாரி மாநகராட்சிக்கு மாநகராட்சியின் பெயரில் நோட்டீஸ் அனுப்பினார். அது தபால் பிரிவுக்குப் போய், முத்திரை வாங்கி, எண் வாங்கி, கோப்பில் சேர்ந்தது. அந்த அலுவலகத்துக்கு வருகிற எல்லாக் கடிதத்தையும் போலவே அதையும் யாரும் படிக்கவில்லை.

எட்டாம் நாள் காலை பதினொன்றரை மணிக்கு, எல்லோரும் இருக்கையில் இருப்பார்கள் என்று நம்பக்கூடிய நேரத்தில், ஆறு சிவப்புக் கோட்டுகள் படிக்கட்டுக்கு எதிரே வரிசையாக நின்றன. மாஸ்டர் கிளாரினெட்டின் வாயை இரண்டு முறை துடைத்தார். வாசிக்க முடியுமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. கூட்டத்தில் மனைவி நிற்பதைப் பார்த்தார். கையில் பிஸ்கட் டப்பா வைத்திருந்தாள். கிளாரினெட்டை உதட்டில் வைத்தார்.

வரி மெட்டு தெருவுக்குத் தெரிந்த மெட்டாகியிருந்தது. அது எந்த வாசலில் கேட்டாலும் அங்கே பாக்கி என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். போகிறவர்கள் நின்றார்கள். பஸ் நின்றது. இரண்டு கச்சேரி ஓசியில் கேட்டுவிட்டு வரி கட்ட வரிசையில் நின்றவர்கள் ரசீதோடு வெளியே வந்து, கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பெயர்ப் பலகையைப் பார்த்தார்கள். ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது.

முதல் மாடியில் ஒரு சன்னல் சாத்தப்பட்டது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு மூன்று மாடியிலும் படபடவென்று சன்னல்கள் மூடின. வாசலில் நின்ற எழுத்தர் ஒருவர், நான் இங்கே வேலை செய்யவில்லை, ஒருவரைப் பார்க்க வந்தேன் என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். காரில் ஏற வந்த ஆணையர் போனைக் காதில் வைத்து மும்முரமாகப் பேசினார். போன் தலைகீழாக இருந்தது.

அதிகாரி படிவக் கட்டோடு மாடி மாடியாக ஏறினார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். கோப்புக்குப் பின்னால் இருந்த தலைகளை எண்ணினார். “எனக்கு வெட்கமே இல்லை சார்” என்று பலர் சத்தியம் செய்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் காதைப் பார்த்து எழுதினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்று எண்பத்தைந்து பேருக்கு அறிகுறிகள் தெளிவாக இருந்தன. இருபத்தாறு பேருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர்கள் எல்லோரும் பழைய வசூல் பிரிவுகளில் நெடுநாள் இருந்தவர்கள். மிச்சம் ஒருவர். அதிகாரி கைகழுவும் இடத்துக்குப் போய், கண்ணாடியில் தன் காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, இருநூற்று எண்பத்தாறு என்று திருத்தினார்.

கூலியைக் கொடுக்க ஆணையருக்கு மனசில்லை. ஆனால் விதிப்படி இன்னும் இரண்டு முறை வாசிக்க வேண்டியிருக்கிறது என்று அதிகாரி பணிவாக நினைவூட்டினார். மூன்றாவதற்குப் பிறகு மெழுகோடு வந்து கட்டடத்தைப் பூட்ட வேண்டியவரும் தான்தான் என்றும், சாவி எங்கே இருக்கும் என்றும் கேட்டார். அந்த மாநகராட்சியின் சரித்திரத்தில் ஒரு பில் ஒரே மத்தியானத்தில் மூன்று மாடி இறங்கியது அன்றைக்குத்தான். மாநகராட்சியின் பதினோரு வருஷ வரியும் அன்று மாலையே இரண்டாவது மாடியிலிருந்து முதல் மாடிக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் காலை ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். வெட்கத் திட்டம் நூற்றுக்கு நூறு வெற்றி பெற்றுவிட்டதால் உடனடியாக நிறுத்தப்படுகிறது என்று அதில் இருந்தது.

மாஸ்டர் குழுவுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒன்றரை வருஷப் பாக்கியைக் கட்டப் போனார். வசூல் சன்னலில் இருந்தவர் கிளாரினெட் பெட்டியைப் பார்த்ததும் பாதி சன்னலைச் சாத்தினார். மீதி பாதி வழியாக ரசீதுகள் வந்தன. மனைவி அவற்றை வரிசைப்படி அடுக்கி, பிஸ்கட் டப்பாவில் வைத்து, மூடியை அழுத்திச் சாத்தினாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது, முந்நூறு பேரை வெட்கப்படுத்திய பாவம்கூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் அவள் வாசல்படியில் உட்கார்ந்து, “முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் ஊதினீங்க. நம்ம வாசல்ல வாசிச்சது ரெண்டே தடவை. அதுலயும் ஒரு தடவை நீங்க உள்ள உட்கார்ந்துட்டீங்க” என்றாள்.

மாஸ்டர் கோட்டு போடவில்லை. வீட்டில் இருக்கிறபடியே தெருவில் இறங்கி நின்று வாசிக்க ஆரம்பித்தார். பதினோரு ஸ்வரம் இல்லை. ஏழு கையெழுத்து வாங்காத, கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய்விடக்கூடிய ஒரு மெட்டு. மைத்துனன் எங்கிருந்தோ டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து சேர்ந்துகொண்டான்.

எதிர் வீட்டுச் சன்னல் திறந்தது. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“திட்டம்தான் நின்னு போச்சே. இது எத்தனை வருஷப் பாக்கிக்கு?”

மாஸ்டர் கிளாரினெட்டை உதட்டிலிருந்து எடுத்தார். கொஞ்சம் நகர்ந்து, அவர் வாசலைப் பார்த்து நின்றுகொண்டார்.

“பாக்கி இல்லைங்க” என்றார். “இது கட்டினவங்களுக்கு.”

கடைக்காரரின் தலை உள்ளே போனது. சன்னல் அப்படியே திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வாசலில் போட்டு உட்கார்ந்தார். அவர் காது இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தன.